கழுத்துக் குழாயை எடுத்த நாள்

என் அறைக் கதவில் 'தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்' என்று பலகை இருக்கிறது. வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் வருவது தெரிந்தால் "கை மேடம் வராங்க" என்று ஒருவருக்கொருவர் சாடை காட்டிக்கொள்வார்கள். உடனே இரண்டு பேராவது கை கழுவும் தொட்டிப் பக்கம் நகர்வார்கள். இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. கூப்பிடும்போதே வேலை பாதி நடந்துவிடுகிறதே!

இந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஐ.சி.யூ.வில் இருந்தேன். அயனம்பாக்கத்தில் வீடு, ஏரிக்கரை ஓரமாக ஸ்கூட்டரில் வந்தால் அம்பத்தூர் பக்கமிருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமே வந்துவிடலாம். சுற்றிலும் தொழிற்பேட்டைகள் என்பதால் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். வலியைத் தாங்கிக்கொண்டே இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு, இனி முடியாது என்ற நிலையில் வருவார்கள்.

அப்படி ரத்த அழுத்தம் படுத்துப்போய் வருகிறவர்களுக்குக் கழுத்தில் ஒரு மெல்லிய குழாய் போடுவோம். கழுத்து நரம்பு வழியாக உள்ளே போய், இதயத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கை நரம்பு தாங்காத கடுமையான மருந்துகளை அதன் வழியாகத்தான் கொடுக்க முடியும். எத்தனையோ உயிர்களை அந்தக் குழாய் காப்பாற்றி நான் பார்த்திருக்கிறேன். வந்த நோய் தீர்ந்த பிறகு, நாங்கள் போட்ட அதே குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி, வீட்டுக்குப் போக வேண்டியவர் நடுக்கத்தோடு மறுபடி படுத்ததையும் பார்த்திருக்கிறேன். பழைய ஆட்கள் சிலர் "ஐ.சி.யூ.ன்னா அது சகஜம்" என்பார்கள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. போடும்போது சுத்தமாகப் போட்டால், தொடும்போது சுத்தமாகத் தொட்டால், தேவை முடிந்த அன்றே எடுத்தால், அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். இதை நான் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் வார்டிலேயே செய்து பார்த்துச் சொல்கிறேன்.

இதற்காகத் தினமும் காலையில் டாக்டர்களோடு சுற்றுக்குப் போவேன். கழுத்துக் குழாய் இருக்கிற ஒவ்வொரு படுக்கையிலும் ஒரே கேள்விதான் கேட்பேன். இது இன்றைக்கு வேண்டுமா? சில டாக்டர்கள் சிரிப்பார்கள். சிலர் நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே "வேணும், வேணும்" என்று கையை உயர்த்திவிடுவார்கள். ஏன் வேண்டும் என்று அடுத்ததாகக் கேட்பேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். திருமழிசையில் ஒரு தொழிற்சாலை வாசலில் தள்ளுவண்டி போட்டு இட்லி, தோசை விற்பவர். வயிற்று வலியைச் சூடு என்று நினைத்து மோர் குடித்தே சமாளித்திருக்கிறார். குடலில் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிறகுதான் கொண்டுவந்தார்கள். அவர் கணவர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஆட்டோவிலேயே மனைவியைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தண்ணீர் தேங்கிய சாலையில் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து நின்றார்.

வந்தபோது பிபி கைக்கு அகப்படவில்லை. அவசரப் பிரிவிலேயே கழுத்தில் குழாய் போட்டார்கள். அந்த அவசரத்தில் உடம்பு முழுக்க மூடும் பச்சைத் துணி விரிக்க நேரமில்லை. கையுறை மட்டும் மாட்டிக்கொண்டு போட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் குழாய் உள்ளே போயிருக்காவிட்டால் அவர் ஆபரேஷன் அறை வரைக்கும் போயிருக்க மாட்டார். ஆனால் அவசரத்தில் போட்ட குழாயை அதிக நாள் விட்டுவைக்கக் கூடாது. மறுநாள் காலையில் விஷயம் தெரிந்ததுமே, இந்தக் குழாயை முதலில் எடுக்க வேண்டும் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன்.

உடனே முடியவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தும் மருந்தின் தயவில்தான் பிபி நின்றது. அதுவரை அந்தக் குழாயைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றும்போதும் கையைக் கழுவி, குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, அது காய்ந்த பிறகுதான் ஊசியைப் பொருத்த வேண்டும். காயும் வரை காத்திருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி ஊதிக் காயவைக்கப் போனாள். "வாயில இருக்கிறதெல்லாம் அதுல போகணுமா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளோ என்னவோ, கழுத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிப் பிளாஸ்திரியின் ஓரத்தில் சிவப்பாக எதையோ பார்த்தேன். ரத்தம் என்று நினைத்துக் குனிந்தால் குங்குமம். மாங்காட்டு அம்மன் கோயிலிலிருந்து அந்த ஆட்டோக்கார அண்ணன், அவர் கணவர், குங்குமமும் ஒரு மஞ்சள் கயிறும் கொண்டுவந்திருக்கிறார். பார்வையாளர் நேரத்தில் நெற்றியில் வைத்து, கழுத்தில் கயிற்றைக் கட்டப் பார்த்திருக்கிறார். குழாய் குறுக்கே இருந்ததால் பிளாஸ்திரியின் மேலேயே கயிற்றைச் சுற்றி விட்டிருக்கிறார். பிளாஸ்திரி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது.

வெளியே வந்து அவரைக் கூப்பிட்டேன். திட்டுவேன் என்று நினைத்து முன்கூட்டியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி கயிறு சிஸ்டர், அத்த கழட்டாதீங்கோ."

"கழட்டலை அண்ணே. இடத்தைத்தான் மாத்தணும். அந்தக் குழாய் நேரா ரத்தத்துக்குள்ள போகுது. அது மேல ஒட்டியிருக்கிறது கதவு மாதிரி. கதவு திறந்தா கிருமி உள்ள போயிடும். இடது புஜத்துல கட்டிக்கலாமா?"

யோசித்தார். "புஜம்னா அம்மனுக்கு ஓகேதான்" என்றார், அம்மன் சார்பில் அவரே முடிவெடுத்து.

பிளாஸ்திரியைப் பிரித்து, தோலை மருந்தால் துடைத்து, புதிதாக ஒட்டினோம். கயிறு புஜத்துக்குப் போனது. அதற்கப்புறம் அவர் மனைவியைப் பார்க்க வரும்போதெல்லாம் இரண்டு கையையும் மருந்து போட்டுத் தேய்த்து, என்னைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

இரண்டொரு நாளில் பிபி மருந்து நின்றது. அந்த அம்மா கஞ்சி குடித்தார். சிறுநீர் நன்றாகப் போனது. அந்தக் காலைச் சுற்றில் என் கேள்வியைக் கேட்டேன். எங்கள் சர்ஜன் நல்ல கைக்காரர், பொறுமைசாலி. ஆனால் போட்ட குழாயை எடுக்க லேசில் சம்மதிக்க மாட்டார்.

"இருக்கட்டும் சிஸ்டர். கை ரெண்டும் வீங்கிக் கிடக்கு. நரம்பே தெரியலை. ராத்திரி திடீர்னு பிபி இறங்கினா எதுல மருந்து போடுவீங்க?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. நரம்பு கிடைக்காமல் தவித்த கேஸ்களை அவரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். அதனால் வாதாடாமல், "கையில நல்ல நரம்பு ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுத்தா எடுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிச்சாப் பாக்கலாம்."

டியூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். ஸ்கேன் கருவியை வைத்து நரம்பு தேடுவதில் கெட்டிக்காரி. முன்கையில் உள்பக்கமாக ஒன்றைத் தேடிப் பிடித்து, முதல் குத்திலேயே ஊசியை ஏற்றிவிட்டாள். சர்ஜனுக்குப் போன் செய்தேன். எந்த இடத்தில் என்று கேட்டுக்கொண்டு, "சரி, எடுங்க" என்றார்.

சாமான்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனபோது பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. அந்த அண்ணன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர் இது?"

"கழுத்துக் குழாயை எடுக்கப் போறோம் அண்ணே. நல்ல செய்திதான்."

அவர் எழுந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றார். "வோணாம். அத்த எடுக்காதீங்கோ."

"ஏன் அண்ணே?"

"வோணான்னா வோணாம். பெரிய டாக்டரக் கூப்புடு. நா கையெழுத்துப் போட மாட்டேன்."

குரல் ஏறியதும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செக்யூரிட்டியைக் கூப்பிடட்டுமா என்று நர்ஸ் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கோபப்படுகிறவர் இப்படிக் கட்டில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"எதுக்குப் பயப்படுறீங்க, சொல்லுங்க."

 அவர் சொன்னார். "எங்கண்ணன் இப்டித்தான் ஒரு ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தான். ஒரு நாளு மூக்குல கீறத எடுத்தாங்கோ. நல்லாயிட்டான் போலன்னு நென்ச்சுகினு இருந்தோம். அப்றம் கழுத்துல கீறத எடுத்தாங்கோ. எல்லாத்தையும் கழட்டிட்டு, கடசியா, ஊட்டுக்கு இட்டுனு போங்கன்னு சொல்ட்டாங்கோ. ஊடு வந்து சேரல சிஸ்டர். வண்டிலயே..."

முடிக்கவில்லை.  இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு எத்தனை குழாயை எடுத்திருப்பேன்! எடுக்கிறோம் என்றால் குணமாகிறார்கள் என்றுதான் எனக்குள் பொருள். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதே காட்சி வேறு மாதிரி தெரியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"உங்க அண்ணனுக்கு இனிமே மருந்து வேலை செய்யாதுன்னு எடுத்திருப்பாங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு அந்த மருந்தே இனிமே தேவையில்லை. காலையில கஞ்சி குடிச்சாங்க, உங்களைத் திட்டவும் செஞ்சாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

"திட்டினா, ஆமா. ஆட்டோவ ஏன் ஓட்டாம இங்கியே குந்தினுகீறன்னு."

"அப்ப பாருங்க. குழாய் இருக்கிறவரைக்கும் பத்திரம்னு நீங்க நினைக்கிறீங்க. தேவை இருந்தவரைக்கும் அது சரி. தேவை முடிஞ்ச பிறகு அது இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏறத்தான் வழி. நான் இவங்களைக் கைவிட்டா இங்க உக்காந்து உங்ககிட்ட பேசிக்கிட்டு இருப்பேனா?"

"சத்தியமா?"

"சத்தியமா. நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கண்ணாலயே பாருங்க."

உள்ளே போனதும் அந்த அம்மாவே விஷயத்தை முடித்துவைத்தார். "எடுங்க சிஸ்டர். கழுத்த திருப்ப முடில, எந்தப் பக்கம் யாரு பேசுறாங்கன்னே தெரில. இந்தாளு கெடக்கறாரு."

தலைமாட்டைத் தாழ்த்தி மட்டமாகப் படுக்கவைத்தோம். தையலைக் கத்தரித்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, குழாயை ஒரே சீராக வெளியே இழுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேன். ரத்தம் நின்றதும் காற்றுப் புகாத பிளாஸ்திரி. எழுந்திருக்கக் கூடாது, கொஞ்ச நேரம் படுத்தே இருக்க வேண்டும் என்றேன். அந்த அண்ணன் தட்டில் கிடந்த குழாயை எட்டிப் பார்த்தார்.

"இம்மா நீளமா உள்ளாற இருந்துச்சு?" என்றவர், தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், ஐ.சி.யூ.விலிருந்து போன். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல்.

மேலே போனால் வாசலிலேயே அந்த அண்ணன். "சொன்னேனே! எடுக்காதீங்கோன்னு தலபாடா அட்ச்சுகினேனே! எடுத்தீங்கோ, இப்போ நெருப்பா கொதிக்கிது!"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. குழாயில் கிருமி ஏறியிருந்தால் அதை எடுத்தது சரி. ஏறாமல் இருந்தால் காய்ச்சலுக்குக் காரணம் வேறு. இரண்டில் எதுவானாலும் எடுத்தது தப்பில்லை. ஆனால் கொதிக்கிற உடம்பைத் தொட்டுவிட்டு வந்து நிற்கிறவரிடம் அப்படி வழக்குப் பேசக் கூடாது. "என்னன்னு கண்டுபிடிக்காம நான் வீட்டுக்குப் போகலை அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். கழுத்தைப் பார்த்தேன், சிவப்பில்லை, வீக்கமில்லை, சீழில்லை. என் மனது மட்டும் குழாயைத் தொட்ட ஒவ்வொரு கையாகத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. குங்குமம் விழுந்த இடத்திலும், அவசரப் பிரிவில் போட்ட அந்த முதல் கையிலும் கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

சர்ஜன் வந்தார். நான் சொன்னேனே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காயத்தைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அவரைச் சாய்த்து உட்காரவைத்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்துக் கேட்டார்.

"இங்க கீழ காத்தே போகலை. அம்மா, இருமுறீங்களா?"

"எங்க சார் இருமுறது? இருமுனா வயிறே கிழியிற மாதிரி கீது. அட்க்கிகினு இருக்கேன்."

"மூணு பந்து கொடுத்தாங்களே, இழுக்கிறீங்களா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பும் அந்தப் பிளாஸ்டிக் கருவி, பையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது. தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டதில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கே சளி கட்டியிருக்கிறது. சர்ஜன் மருந்தை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கல்ச்சர் வரட்டும் சிஸ்டர். ஆனா இது நெஞ்சுச் சளின்னுதான் தோணுது. குழாயும் உள்ள இருந்திருந்தா இப்ப எதுன்னு தெரியாம நாம ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு நின்னிருப்போம்." இதற்கு மேல் பாராட்டு அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

அந்த அண்ணனைக் கூப்பிட்டேன். "இனிமே உங்க வேலை அண்ணே. விழிச்சிருக்கிற நேரமெல்லாம் இந்தப் பந்தை ஏத்த வைக்கணும். இருமும்போது இந்த மடிச்ச போர்வையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, வலி குறையும்."

வேலை கொடுத்ததும் ஆள் மாறிவிட்டார். கையைத் தேய்த்துக்கொண்டு வந்து கட்டிலோரம் நின்றார். அந்த அம்மா இழுத்தார். முதல் பந்து பாதி எழும்பி விழுந்தது.

"ஏறு ஏறு ஏறு! பூந்தமல்லி, பூந்தமல்லி! இன்னும் ஒரு ஆளு, ஒரே ஆளு!"

"யோவ், சிரிக்க வெக்காத! தையல் வலிக்குது!" என்று போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா. சிரிப்பு இருமலானது. இருமலில் சளி வந்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். கல்ச்சர் முடிவுக்காக விழித்திருந்தால் கிருமி சீக்கிரம் வளரப் போவதில்லை.

மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தபோது, அந்த அம்மாவுக்கு இரண்டு பந்து முழுசாக ஏறிக்கொண்டிருந்தது. சொன்னதும் அவர் கணவர் நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதிர்ப் படுக்கையைக் கண்ணால் காட்டினார்.

"சிஸ்டர், அந்தப் பெரியவருக்கு இன்னும் கழுத்துல கீதே. நல்லாத்தான குந்தினு பேசினுகீறாரு? இன்னும் ஏன் எடுக்கல?"

அவருக்குப் பிபி மருந்து இன்னும் ஓடுகிறது என்று விளக்கினேன். சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்களுக்கெல்லாம், குழாயை எடுத்தால் பயப்படக் கூடாது, எடுக்காவிட்டால்தான் கேட்க வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறார். அடுத்த சில நாள் ஒவ்வொரு குடும்பமாக வந்து எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதில் டியூட்டி டாக்டர் நொந்துபோனாள். "மேடம், உங்களுக்கு அசிஸ்டென்ட் வெச்சுட்டீங்களா?" என்றாள்.

இப்போது கழுத்துக் குழாயை எடுப்பதற்கு முன் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குணமாகிறார்கள் என்பதால்தான் எடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்வதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அந்த அண்ணனுக்குப் பிறகு யாரும் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றதில்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள், மாங்காட்டில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனவள், அப்படியே ஸ்கூட்டரைத் திருமழிசைக்கு விட்டேன். தொழிற்சாலை வாசலில் தள்ளுவண்டி நின்றது. கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. கொஞ்சம் இளைத்திருந்தார். கழுத்தில் குழாய் இருந்த இடம் தெரியவே இல்லை. எந்தப் பக்கம் என்று எனக்கே யோசித்துத்தான் நினைவுக்கு வந்தது.

"அய்ய, சிஸ்டரு! வாங்கோ, வாங்கோ. இன்னா இப்டி எளச்சுக் கீறீங்கோ? சாப்புட்றீங்களா இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியது. கேட்டுக்குள்ளிருந்து கூட்டம் வந்து வண்டியைச் சுற்றிக்கொண்டது. ஒரு தட்டில் இரண்டு தோசையை வைத்து, சட்னியை ஊற்றி, யார் தலைக்கு மேலாகவோ என்னிடம் நீட்டினார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்ப அவருக்கு நேரமில்லை. ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்தேன்.